நாற்பத்து மூன்றாம் இலக்கத்தின் மேல் ஒரு கோடு

1

சனிக்கிழமை காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம். ஊரை விட்டு வந்து குடியேறிய கிரவீனில் நாங்கள் கோயிலாகப் பாவிக்கும் மண்டபத்தின் அறிவித்தல் பலகையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு கோடு. நீல மை. நாற்பத்து மூன்றாம் இலக்கத்துப் பெயரில் தொடங்கி அந்த வரிசையின் முடிவு வரை அடிமட்டம் வைத்து இழுத்திருந்தார்கள். கோபத்தில் வெட்டுகிறவர்கள் அடிமட்டம் தேடுவதில்லை.

பலகையில் இருந்தது கோயிலின் குடும்பப் பதிவேடு. அச்சுக்குப் போவதற்கு முன் எல்லோரும் பார்த்துப் பிழை சொல்லட்டும் என்று வெள்ளிக்கிழமை மாலை குருக்கள் ஐயா ஒட்டியிருந்தார். ஐந்து நிரல்கள்: பெயர், நட்சத்திரம், ஊர், குறிச்சி, இந்நாட்டுக்கு வந்த ஆண்டு. ஒப்புநோக்கியவன் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பதினொரு ஆண்டுகள் அந்த வேலை பார்த்தவன் என்பதால் இங்கே கோயில் அச்சடிக்கும் எதுவும் என் மேசைக்கு வராமல் போவதில்லை.

கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். புதன்கிழமை நான் சரிபார்த்துக் கொடுத்த பிரதியில் நாற்பத்து மூன்றுக்கு நேரே குறிச்சி நிரல் வெறுமையாக இருந்தது. இப்போது அதில் ஒரு சொல் இருந்தது. கறுப்பு மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஆக, இரண்டு கைகள். ஒன்று நிரப்பியிருக்கிறது, மற்றது வெட்டியிருக்கிறது.

வெட்டப்பட்ட பெயர் யோகன்.

2

யோகன் படகில் வந்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிறார். மண்டபத்தின் குசினித் தரை அவர் பதித்ததுதான். நீர் ஊற்றினால் ஒரு சொட்டுத் தேங்காது. இன்னும் பிரிட்ஜிங் விசா. ஒரு விசா முடிந்து அடுத்தது முடிவாகும்வரை கொடுக்கும் இடைக்காலத் தாள் அது. அந்தப் பாலத்தில் அவர் ஒன்பது ஆண்டுகளாக நிற்கிறார்.

செவ்வாய்க்கிழமைக்குள் அவருடைய விசா வழக்கைப் பார்க்கும் லோயருக்கு ஒரு கடிதம் வேண்டும். இவர் தமிழர், சைவர், இந்தச் சமூகத்தில் ஒருவர் என்று கோயில் குருக்கள் எழுதி, முத்திரை குத்தி, பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அங்கே நாங்கள் யார் என்று நாங்கள் சொல்வதற்கு முன்பே மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கே அதற்கு இணைப்பு ஆவணம் கேட்கிறார்கள்.

குறிச்சி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஊருக்குள் ஒரு பகுதி, அவ்வளவுதான். ஆனால் எந்தப் பகுதியில் எந்த ஆட்கள் என்பது ஊருக்கே தெரியும். குறிச்சியைக் கேட்டுவிட்டால் அடுத்த கேள்வியைக் கேட்கத் தேவையில்லை. அந்த அடுத்த கேள்வியை இந்த நாட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு பெருமை உண்டு.

அந்தக் கறுப்பு மைக்கு நான் குருக்களைச் சந்தேகித்தேன். காரணங்கள் இருந்தன. என்னிடம் பிரதியை வாங்கிப் பலகையில் ஒட்டியவர் அவர். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்ட கையோடு, "ஊர்?" என்பார், ஊரைச் சொன்னால், "அதில எந்தப் பக்கம்?" என்பார். சுவாமிக்கு முகவரி தேவைப்படுவதாக எனக்குத் தெரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். அபிஷேகம் தொடங்கியிருந்தது. பதினொரு மணிக்கு முன் அவரோடு பேச முடியாது. வீட்டுக்குத் திரும்பினேன்.

3

வீட்டில் இன்னொரு ஒப்புநோக்கல் காத்திருந்தது. மகள் மதுரா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. பண்டைய வரலாறு ஒரு பாடம். நாடுகடத்தலுக்குப் பிறகு யூதர் என்ற அடையாளத்தை வடிவமைத்ததில் ஆசாரியர்களின், அதாவது அவர்களுடைய கோயில் குருமாரின், பங்கு என்ன என்பது கட்டுரைத் தலைப்பு. தாளை என் முன் வைத்துவிட்டுக் கதிரையில் காலை மடித்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கமா மட்டும் பாருங்கோ. ஒப்பினியன் வேண்டாம்."

"கமா பாக்கிறவனுக்குக் கண்ணை மூடத் தெரியாது."

"அதுதான் ப்ராப்ளம்."

வாசித்தேன். ஏறத்தாழ இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர் எருசலேமைப் பிடித்து, கோயிலை எரித்து, மேல்தட்டு மக்களைக் கொண்டுபோகிறார்கள். அரை நூற்றாண்டு கழித்துப் பாரசீகர் வந்து, விரும்பியவர்கள் திரும்பிப் போகலாம் என்கிறார்கள். திரும்பியவர்களுக்கு அரசன் இல்லை, படை இல்லை. இருந்தது ஆசாரியர்கள். ஓய்வுநாள், உணவு விதி, விருத்தசேதனம், வம்சப் பட்டியல் என்று தோளில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஓர் அடையாளத்தை அவர்கள் கட்டினார்கள் என்பது மதுராவின் வாதம். நன்றாகவே எழுதியிருந்தாள்.

நான் ஓரத்தில் பென்சிலால் மூன்று இடங்களில் 'யார் சொன்னது?' என்று எழுதினேன்.

"இது கமா இல்லை," என்றாள்.

"ஆசாரியர்கள்தான் மக்களைக் காப்பாற்றினார்கள் எண்டு எழுதியிருக்கிறாய். அந்தச் செய்தியை எழுதினது ஆர்? ஆசாரியர்கள். தங்களைப் பற்றித் தாங்களே எழுதின அறிக்கையை எங்கட பேப்பரில நாங்கள் முன்பக்கத்தில போடமாட்டம்."

"உங்களுக்கு எல்லாரும் சஸ்பெக்ட்தான்."

இல்லை என்று சொல்ல முடியவில்லை. எனக்குச் சந்தேகம் தந்த இடங்கள் இவை. திரும்பி வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் பட்டியலிடப்படுகிறார்கள். சிலரால் தங்கள் தகப்பன் வழியைக் காட்ட முடியவில்லை. ஆசாரியக் குடும்பங்கள் சில தங்கள் பெயரை ஏட்டில் தேடுகின்றன, கிடைக்கவில்லை, ஊழியத்தில் இருந்து விலக்கப்படுகின்றன. வேற்றினத்தில் பெண் எடுத்தவர்களின் பெயர்கள் தனியாக எழுதப்படுகின்றன. அந்தப் பெண்களை அனுப்பிவிட வேண்டும். இன்னொன்று: பாபிலோனுக்குப் போகாமல் அந்த மண்ணிலேயே கிடந்து உழுதவர்களும் இருந்தார்கள். போனவர்கள் திரும்பி வந்து போகாதவர்களைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்கள். இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தேன். எங்கள் மண்டபத்தில் பண்பாடு பற்றி நடக்கும் கூட்டங்கள் நினைவுக்கு வந்தன. ஊரில் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள், இங்கே நாங்கள்தான் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று ஒருவராவது பேசாமல் அவை முடிவதில்லை.

பாரசீகருக்கு இதில் என்ன லாபம் என்பதும் என் கேள்வி. பேரரசு ஆயிரம் குடியானவர்களோடு பேச விரும்பாது. பட்டியல் வைத்திருக்கும் ஒருவரோடு பேசுவது சுலபம். யோகனுடைய கடிதத்தை யோகனின் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்காமல் குருக்களிடம் கேட்கிறார்கள். மாற்றம் அதிகம் இல்லை.

"பேர் கிடைக்காத அந்தக் குடும்பங்களை விலக்கின ஆசாரியன் ஆர்?" என்று கேட்டேன்.

மதுரா சிரித்தாள். "பாத்தீங்களே? நீங்கள் வடிவா வாசிக்கேல்ல. அந்த டிசிஷனைச் சொன்னது கவர்னர். ஆசாரியன் எண்டு நீங்களே போட்டிட்டீங்கள்."

திரும்பப் பார்த்தேன். அவள் எழுதியிருந்தது சரி. பரிசுத்த உணவை அவர்கள் உண்ணக் கூடாது என்று சொன்னவர் ஆளுநர்.

"மற்றது," என்றாள், "லிஸ்ட் கெட்டது எண்டு சும்மா சொல்லாதேங்கோ. அவைக்கு முதல் வடக்கில இருந்த ஆக்களை அசீரியன்ஸ் கொண்டுபோனவை. அவையின்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது. கரைஞ்சு போட்டினம். லிஸ்ட் வைச்ச ஆக்கள் இருக்கினம்."

அது முழுக்க நிரூபிக்கக்கூடிய வாதமா என்று தெரியவில்லை. ஆனாலும் அந்த வசனத்தின் ஓரத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

"அப்பா, கோயில் லிஸ்டில நான் இருக்கிறனா?"

"ஓம். ஏழாம் இலக்கம். என்ர பேருக்குக் கீழ."

"நான் ஃபோம் ஒண்டும் நிரப்பேல்லையே."

"நான் நிரப்பினனான்."

"என்ர குறிச்சி என்ன?"

சொன்னேன். அவள் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், ஒரு மருந்தின் பெயரைப் போல. இங்கே, வெஸ்ட்மீட்டில் பிறந்தவள். "அந்த இடத்தை நான் கண்டதே இல்லை. நாளைக்கு நான் ஆரையும் கட்டினா அவனுக்கும் இதையே எழுதுவீங்களோ, இல்லாட்டி கோடு போடுவீங்களோ?"

கோட்டைப் பற்றி நான் அவளுக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

4

பதினொன்று ஐந்துக்குக் குருக்கள் ஐயா குசினியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காலுக்குக் கீழே யோகன் பதித்த தரை.

"வாங்கோ எடிட்டர். முகத்தைப் பாத்தா வடை தின்ன வந்த மாதிரித் தெரியேல்ல."

"கறுப்பு மை உங்கடையோ ஐயா?"

"ஓம், என்ரதான்."

மறுப்பார் என்று எதிர்பார்த்து அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். அது வீணாயிற்று.

"வெறுமையா இருந்தா கமிட்டி ஏற்காது," என்றார். "ஏற்காட்டி முத்திரை இல்லை. முத்திரை இல்லாட்டி அந்தப் பிள்ளைக்கு நான் குடுக்கிற கடிதம் வெறும் கடதாசி. அதுதான் ஒரு சொல் எழுதினனான். ஆருக்கு நட்டம்?"

"அது அவற்ர குறிச்சிதானோ?"

"இல்லை." தேநீரை ஊதினார். "நல்ல குறிச்சி ஒண்டு குடுத்தனான்."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. வயிறு காய்ந்தவனுக்கு இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டவரின் முகம் அது. எனக்கு மதுராவின் தாள்கள் நினைவுக்கு வந்தன. இடைவெளி இல்லாமல், தகப்பன், பாட்டன், பூட்டன் என்று இறங்கி வரும் அந்தப் பழைய பட்டியல்கள். விலக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் நான் காலை முழுவதும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. எந்த ஆசாரியர் இரக்கப்பட்டு எந்த வெறுமையை நிரப்பினாரோ. நல்ல வம்சம் ஒன்று கொடுத்தாரோ. ஏட்டில் பொய்யும் மெய்யும் ஒரே மையில்தான் காய்கின்றன.

"ஐயா, பிழை அந்த நிரலில. அதை ஏன் வைச்சிருக்கிறியள்? சனத்தைப் பிரிக்கிறதுக்கு இதைவிட வேற..."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்த நிரலை நான் வைச்சனான் எண்டோ நினைக்கிறியள்?"

எழுந்து போய் இரும்பு அலுமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் இருந்து ஒரு கோவையை எடுத்து, கடைசியில் இருந்த தாளை என் முன் வைத்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பதிவேடு தொடங்கியபோது தயாரித்த முதல் படிவத்தின் மாதிரி. கையால் எழுதியது. ஐந்து நிரல்கள். நான்காவதன் தலையில் 'குறிச்சி'. பக்கத்தில் அடைப்புக்குள் 'கட்டாயம் நிரப்புக' என்று இருந்தது.

எழுத்து என்னுடையது.

"நான் இந்தியாவில படிச்சிட்டு நேர இங்க வந்தவன்," என்றார் குருக்கள். "உங்கட ஊர்களில குறிச்சி எண்டு ஒண்டு இருக்கிறதே இந்தப் படிவத்தைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும். ஆக்கள் விருப்பமா நிரப்பினவை. கேட்டாச் சந்தோசமாச் சொன்னவை. அதனால அர்ச்சனைக்கும் கேக்கத் தொடங்கினனான்."

5

நாளிதழில் என் முதல் மூன்று ஆண்டுகள் மரண அறிவித்தல் மேசையில் கழிந்தன. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். உயிரோடு இருப்பவரை இறந்தவராகப் போட்டுவிட்டால் காலையில் அலுவலக வாசலில் சைக்கிள்கள் நிற்கும். ஒருமுறை அந்த உயிரோடு இருந்தவரே வந்தார். அதற்குப் பிறகு அறிவித்தல் கொடுக்க வருகிறவர்களிடம் குறிச்சியையும் கேட்டு எழுதுவது என் வழக்கம். பிழை குறைந்தது. ஆசிரியர் பாராட்டினார்.

அந்த வழக்கத்தை அப்படியே இந்த மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இங்கே ஒரே பெயரில் மூன்று பேர் இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பதிவேட்டில் இருந்தது இருபத்தொரு குடும்பம்.

துல்லியத்துக்காகச் செய்தேன் என்று சொல்லலாம். வேறொருவர் எனக்கு அப்படிச் சொன்னால் நான் ஓரத்தில் என்ன எழுதுவேன் என்பது எனக்குத் தெரியும். மரண அறிவித்தல் மேசையிலும், குறிச்சியைக் கேட்டதும் சிலர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை நான் கவனிக்காமல் இருந்ததில்லை. கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

6

யோகன் அன்று பென்டில் ஹில்லில் ஒரு வீட்டின் குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்தார். முழங்காலில் நின்று, தரையில் மட்டம் பார்க்கும் லெவலை வைத்து, அதன் நடுவில் இருந்த குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். அடிமட்டம் வைத்து இழுத்த அந்தக் கோடு நினைவுக்கு வந்தது.

"கோட்டைப் போட்டது நீரோ?"

"ஓம் அண்ணை. நேராத்தானே இருக்கு?" தலையை நிமிர்த்தவில்லை.

"ஐயா நல்ல மனசோட செய்தவர்."

"ஓம். அதுதான் பயமாக் கிடக்கு." லெவலை எடுத்துத் துடைத்தார். "அண்ணை, இங்க வந்து இறங்கினவுடன எடுத்த இன்ரர்வியூவில எல்லாம் இருக்கு. நான் ஆர், எந்தக் குறிச்சி, எந்த வாசலுக்கு அங்கால விடேல்ல, பிறகு என்ன நடந்தது எண்டு எல்லாம் சொன்னனான். மொழிபெயர்த்த பிள்ளை அழுதிட்டுது. இப்ப கோயில் முத்திரை குத்தி, இவர் வேற குறிச்சி எண்டு குடுத்தா? ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாப்பினம். என்ர கேஸ் முழுக்கப் பொய் ஆகிப்போகும். லோயர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர், ரெண்டும் பொருந்தோணும் எண்டு."

"ஐயாவிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"வெள்ளிக்கிழமை பூசை முடியப் போர்டில பாத்தன். எல்லாரும் நிண்டவை. அவையின்ர முன்னால என்னெண்டு சொல்லுறது, ஐயா இது என்ர இடமில்லை, என்ர இடம் அதுக்கும் கீழ எண்டு? எல்லாரும் போகவிட்டு, என்ர வேலை வானுக்குள்ள கிடந்த அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தன்."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "வெறுமையா விடாமல் உள்ளதை எழுதியிருந்தா ஐயாவும் கைவைச்சிருக்கமாட்டார்."

இப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"திணைக்களத்துக்கு உள்ளதை எழுதினா விசா தருவினம், இல்லாட்டித் தரமாட்டினம். ஏதோ ஒண்டு நடக்கும். உங்களுக்கு எழுதினா என்ன தருவியள்?"

அந்தப் படிவம் என் கையெழுத்தில் தொடங்கியது என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"ஆரோ ஒரு படிச்ச ஆள்தான் எழுதியிருப்பார் எண்டு தெரியும் அண்ணை," என்றார். "குருக்கள் கட்டாயம் எண்டு எழுதமாட்டார். அவர் கதைச்சுக் கேக்கிற ஆள்."

7

ஞாயிற்றுக்கிழமை குருக்கள் ஐயாவும் நானும் குசினி மேசையில் இருந்து ஒரு கடிதம் எழுதினோம். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்று கேட்டேன். அவர் முதலில் தயங்கினார். பிறகு சொல்லத் தொடங்கினார்; நான் நினைத்ததைவிட அதிகம் கண்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக யோகன் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம். அன்னதானத்துக்குப் பிறகு பெரிய கிடாரங்களைக் கழுவுகிறவர் அவர்தான். பூசை நேரத்தில் எப்போதும் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். உள்ளே வரச் சொன்னால் இங்கேயே நிற்கிறேன் என்பார்.

"இந்தக் கடைசி வசனம் வேணுமோ எடிட்டர்?"

"கண்டதுதானே ஐயா?"

"கண்டது. ஏன் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்ல." எழுதவிட்டார்.

மதுரா அதை ஆங்கிலமாக்கினாள். கமாக்களை நான் பார்க்கவில்லை. அவள் கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டிருந்தாள்; ஆசாரியர்களைப் பற்றிய முடிவுரையில் என் மூன்று கேள்விகளில் ஒன்றை மட்டும் சேர்த்திருந்தாள். எதை என்று சொல்லவில்லை.

முத்திரை கமிட்டிச் செயலாளரின் வீட்டில் பூட்டி இருந்தது. பதிவேட்டில் ஒழுங்காகப் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் முத்திரை என்றார் அவர். அது கமிட்டியின் விதி. அந்த விதியின் எழுத்துப்பிழைகளைத் திருத்தியவனும் நான்தான். கடிதம் குருக்களின் கையொப்பத்தோடு மட்டும் செவ்வாய்க்கிழமை போனது. லோயர், இல்லாததைவிட இது நல்லது என்றாராம். எடை குறைவு என்றும் சொன்னாராம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான்காம் நிரலை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன். நீங்கள்தானே போட்டனீங்கள் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இந்தமுறை எல்லாம் தயாராகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்று முடிவானது. அடுத்த பதிப்பு எப்போது என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், உண்மையான அக்கறையோடு, அந்தப் பெடியன் ஏன் கோவிச்சுக்கொண்டு தன்ர பேரைத் தானே வெட்டினவன் என்று கேட்டார்.

யோகன் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். கிடாரம் கழுவுகிறார். திணைக்களத்தில் இருந்து பதில் இன்னும் வரவில்லை.

போன கிழமை பதிவேடு அச்சாகி வந்தது. கெட்டி அட்டை, நல்ல தாள். ஒப்புநோக்கியவர் என்று கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் நாற்பத்திரண்டாம் இலக்கத்துக்கு அடுத்து நாற்பத்து நான்காம் இலக்கம் இருக்கிறது.